பாதியில் எழுந்து வந்த படம்

எங்கள் அக்காவின் வாழ்க்கை ஒரு மட்டமான படத்தால் கெட்டது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துக்கொள்ளட்டும்.

அப்போது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. செட்டியார்பட்டியில் இருந்தோம். பிளஸ் டூ முடித்தவள் மதுரையில் நர்சிங் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அம்மா காதில் வாங்கவில்லை. தன் தம்பிக்கே, அதாவது எங்கள் மாமாவுக்கே, அவளைப் பேசிப் பூவும் வைத்துவிட்டாள். மாமாவுக்கு முப்பத்திரண்டு வயது. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை.

பூ வைத்த பெண் தனியாக வெளியே போகக் கூடாது, துணைக்கு ஒரு சின்னப்பிள்ளை போக வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தச் சின்னப்பிள்ளை நான். எட்டு வயதுப் பிள்ளையைக் காவலுக்குப் போட்ட புத்தியை என்னவென்று சொல்ல?

அந்த மாதம் முழுக்க அக்கா எனக்கு ஒரே கதையைத்தான் சொன்னாள். சித்தி கொடுமையில் அடுப்படியே கதியாகக் கிடக்கும் பெண், தேராக மாறும் பூசணிக்காய், குதிரையாகும் எலிகள், ஓடும்போது கழன்று விழும் கண்ணாடிச் செருப்பு. அந்தக் கதையை வைத்து எடுத்த இங்கிலீஷ் படம் தமிழ் பேசி இராஜபாளையத்துக்கு வந்திருக்கிறது என்றாள். நான் சோறு தின்னாமல் அடம்பிடித்தேன். அம்மா விட்டாள்.

கிளம்பும்போது அம்மா, "ஏட்டி, படத்துக்குப் போறவளுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய பை?" என்று கேட்டாள்.

"ஒன் சின்ன மக ரெண்டு மணி நேரம் சும்மாவா உக்காருவா? முறுக்கு வேண்டாமா?"

அம்மாவே சிரித்துவிட்டாள். முறுக்குக்கு அடியில் மார்க் ஷீட் இருந்ததை நான் பார்த்தேன். எனக்கு முறுக்குதான் முக்கியம்.

இடைவேளையில் அக்கா முறுக்குப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். "செத்த நேரத்துல வாரேன். வரலேன்னா, படம் முடிஞ்ச பொறவு டிக்கெட் கிழிக்கிற அண்ணன்ட்ட அம்மா நம்பரச் சொல்லு. அதுக்கு முன்ன எந்திரிக்காத."

சொன்னபடி உட்கார்ந்துதான் இருந்திருப்பேன். படம் என்னை உட்கார விடவில்லை. அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகிறாள், பாட்டுப் போட்டிக்குப் பழகுகிறாள். தேவதை என்று வந்தவள் பியூட்டி பார்லர் நடத்துகிறாள். பூசணிக்காய் இல்லை, எலி இல்லை. செருப்பாவது வரும் என்று காத்திருந்தேன். விருந்திலிருந்து அவள் ஓடியபோது கழன்று விழுந்தது ஒரு கைக்கடிகாரம்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இடைவேளை முடிந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அக்காவிடமே இதைக் கேட்டுவிடுவது என்று எழுந்து போனேன். கக்கூஸில் அவள் இல்லை. கேண்டீனிலும் இல்லை. அழுதேன். டிக்கெட் கிழிப்பவர் அம்மாவுக்குப் போன் போட, அம்மா மாமாவுக்குப் போட்டாள்.

ஐந்து நிமிடத்தில் மாமா பைக்கில் வந்து நின்றார். திட்டவில்லை. ஐஸ் வாங்கித் தந்து, அக்கா பையில் என்ன கொண்டுவந்தாள் என்று பொறுமையாகக் கேட்டார். மார்க் ஷீட் என்றேன். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லையே என்று பெருமையாக இருந்தது.

என்னையும் ஏற்றிக்கொண்டு மாமா மதுரை ரோட்டில் விரட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றிக்கொண்டு நின்ற பஸ்ஸில் அக்கா இருந்தாள். முடியைப் பிடித்து இறக்கினார். ஒருத்தரும் ஏனென்று கேட்கவில்லை. பத்தே நாளில் கல்யாணம். இன்று அவளுக்கு இடது காது கேட்காது. எப்படி என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு, பின்னாலேயே அம்மா பிடித்து வந்த ஆட்டோவில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தேன். அக்காவின் உதடு வீங்கியிருந்தது. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இன்னும் அரைமணி நேரம் உக்காந்திருக்க முடியலையாட்டி ஒனக்கு?"

"படம் நல்லாவே இல்லக்கா."

அவள் படத்தைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். ஊர் வந்து சேரும்வரை, அதில் என்னென்ன தப்பு என்று அவளுக்கு ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தேன்.