பண்ருட்டியில் மாற்றிக்கொண்ட கத்தி

என் கால்சட்டைப் பையில் எப்போதும் ஒரு மடக்குக்கத்தி இருக்கும். இரண்டு அலகுள்ளது. நெய்வேலியில் சுரங்கத்தின் கன்வேயர் பகுதியில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். பெரிய அலகு வேலைக்கு. கேபிளின் மேல்தோலைக் கீறி உரிப்பது, டேப்பை அறுப்பது, டெர்மினலில் படிந்த அழுக்கைச் சுரண்டுவது எல்லாம் அதன் பாடு. சின்ன அலகு சாப்பாட்டுக்கு மட்டும். கொய்யா, வெள்ளரி, டிபன் டப்பாவில் இருக்கும் எலுமிச்சை ஊறுகாயின் பெரிய துண்டு. ஒன்றின் வேலையை இன்னொன்றுக்கு நான் ஒருநாளும் கொடுத்ததில்லை. எவ்வளவு துடைத்தாலும் பெரிய அலகில் கரித்தூளும் கிரீஸும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

அதனால் கத்தி வாங்கும்போது மற்றவர்கள் இரும்பைப் பார்ப்பார்கள், பிடியைப் பார்ப்பார்கள். நான் முதலில் அலகு இரண்டா என்று பார்ப்பேன். என் மனைவி இதைக் கேலி செய்வாள். மீனுக்கு ஒரு சட்டி, கறிக்கு ஒரு சட்டி என்று பிரித்து வைத்திருக்கிறவள் என்னைக் கேலி செய்யக் கூடாது என்று நானும் சொல்வேன்.

'தானே' புயல் வந்தபோது கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. குவார்ட்டர்ஸ் வாசலில் நாங்கள் கட்டியிருந்த காகித நட்சத்திரம் போன இடம் தெரியவில்லை. விடிந்து வெளியே வந்தால் டவுன்ஷிப்பில் ஒரு தெருவும் தெருவாக இல்லை. முப்பது நாற்பது வருடமாக நிழல் கொடுத்த மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. எலக்ட்ரீஷியன்கள் எல்லோருக்கும் அழைப்பு வந்தது. மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தழைக்குள் மறைந்து கிடந்த ஒரு கிளையில் முன்சக்கரம் சிக்கியது. வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு உடைந்தது. கட்டைவிரலின் அடி எலும்பும் சேர்ந்து உடைந்தது.

பக்கத்தில் விழுந்த மரத்தை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் தன் துண்டை அவிழ்த்து என் கையைச் சுற்றினார். இன்னொருவர் கிளைகளை ஏற்றவந்த லாரியை நிறுத்தி, டிரைவர் பக்கத்தில் என்னை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவர்கள் யார், எந்த ஊர் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. பிறகு கேட்க ஆளில்லை. இன்றும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் அவர்களுக்காக ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அதன்பின் பிசியோதெரபி. அந்தப் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வாள். நான் என் பலத்தையெல்லாம் கூட்டி அமுக்குவேன். பந்து அப்படியே உருண்டையாக இருக்கும். "நேத்தைக்கு இன்னைக்குப் பரவாயில்லைங்க சார்" என்பாள், தினமும் ஒரே முகத்தோடு. அந்தச் சொல் பொய்யா நிஜமா என்று நான் ஆராயவில்லை. எனக்கு அது தேவைப்பட்டது.

வேலைக்குத் திரும்பியதும் லைட் டியூட்டி என்று ஒர்க் ஷாப்பில் போட்டார்கள். அங்கேதான் எனக்கு உண்மை விளங்கியது. முதல்நாள் டிபன் நேரத்தில் கத்தியை எடுத்தேன். அலகில் நகம் வைக்க ஒரு பள்ளம் இருக்குமே, அதில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தேன். அலகு அசையவில்லை. கையை மாற்றி, வலது கையில் கத்தியைப் பிடித்துக்கொண்டு இடது நகத்தால் இழுத்தேன். வலது கையால் கத்தியை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை, நழுவிக் கீழே விழுந்தது. வீட்டில் தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தேன். தையல் மெஷின் எண்ணெயும் விட்டேன். பல்லால் இழுக்கப் போனபோது என் மனைவி கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். கத்தியில் ஒரு குறையும் இல்லை. நல்ல ஸ்பிரிங். அத்தனை வருடமும் அந்த இறுக்கத்துக்காகத்தான் அதை நான் மெச்சியிருந்தேன்.

ஒர்க் ஷாப்பில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி. கம்மாபுரம் பக்கம். குடும்பத்து நிலம் சுரங்கத்துக்குப் போனபின் இந்த வேலைக்கு வந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் கை கழுவிவிட்டு வந்து பார்த்தேன். என் டிபன் டப்பாவின் மூடிமேல் கத்தி இருந்தது, சின்ன அலகு மட்டும் திறந்து. அவர் தன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். நான் பழத்தை நறுக்கி அவருக்குப் பாதி கொடுப்பேன், அவர் வாங்கிக்கொள்வார். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. எனக்கு நன்றியாகவும் இருந்தது, சில நாட்களில் கூச்சமாகவும் இருந்தது.

மே மாதம் ஒருநாள் அவராகவே பேச்சை எடுத்தார்.

"அண்ணே, நான் தொறந்து வக்கிறது ஒண்ணும் பெருசு இல்ல. நான் லீவு போட்டா நீங்க பழத்த அப்டியே வூட்டுக்கு எடுத்துக்கினு போறீங்களாமே."

நான் சிரித்து மழுப்பினேன். அவர் விடவில்லை. பண்ருட்டியில் திருவதிகை போகிற ரோட்டில் ஒரு இரும்புச் சாமான் கடை இருக்கிறது, பலாக்காரர்கள் எல்லாம் அங்கேதான் கத்தி வாங்குவார்கள், என் கைக்குத் தோதாக ஒன்று கிடைக்கலாம், ஒரு நடை போய்ப் பாருங்கள் என்றார்.

சனிக்கிழமை நானும் மனைவியும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் வேரோடு சாய்ந்த முந்திரி மரங்கள் இன்னும் அப்படியே கிடந்தன. பலா சீசன்தான், ஆனால் ரோட்டோரத்தில் வழக்கமாகக் குவிந்திருக்கும் பழங்களில் கால்வாசிகூட இல்லை.

கடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா இருந்தார். கடை அவருடையதுதான். சுவரில் அரிவாளும் களைக்கொத்தும் மாட்டியிருந்தன, தரையில் அருவாமனைகள் அடுக்கியிருந்தன. மடக்குக்கத்தி என்றதும் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து சாக்கின்மேல் கொட்டினார். மரப்பிடி, கொம்புப்பிடி, பித்தளைப்பிடி, பிளாஸ்டிக் பிடி. நான் ஒவ்வொன்றாக எடுத்து நகத்தை வைத்து இழுத்தேன். எல்லாம் புதுசு, எல்லாம் இறுக்கம். நாலைந்தில் முயன்றதுமே கட்டைவிரல் நடுங்க ஆரம்பித்துவிட்டது. அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை இன்னா ஆச்சுங்க?"

சொன்னேன். அவர் தலையாட்டினார். தனக்கும் ஒரு பலாக்கொல்லை இருந்தது, அந்த ஒரு ராத்திரியில் எல்லா மரமும் போய்விட்டது என்றார். வானிலை பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னார். பிறகு பெட்டிக்குள் துழாவி வேறொரு கத்தியை எடுத்தார். அலகின் முதுகில் ஒரு குமிழ் இருந்தது. அதை ஒரு விரலால் தள்ளினாலே திறந்துகொள்ளும். தள்ளினேன், திறந்தது. ஆனால் அதற்கு அலகு ஒன்றுதான்.

"என்னங்க, இதையே எடுத்துக்கோங்களேன். நல்லா வருதே" என்றாள் என் மனைவி.

நான் அதை மடக்கித் திறந்து, மடக்கித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே கடைக்காரம்மாவிடம் விளக்க ஆரம்பித்தாள். இவருக்கு வேலைக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று வேண்டும், இருபது வருடமாக இப்படித்தான், ஒற்றை அலகை வாங்கிக்கொடுத்தால் பையில் போட்டுக்கொள்வார், பழம் நறுக்க மாட்டார் என்றாள். இத்தனை நாள் கேலி செய்தவள், எனக்காக அவ்வளவு பொறுப்பாக வாதாடியதைக் கேட்க எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கடைக்காரம்மா கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சணல் கண்டின்மேல் கிடந்த ஒரு கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினார். மரப்பிடி, கையெண்ணெய் ஏறிக் கறுத்துப்போயிருந்தது. பித்தளை ஆணிகள் தேய்ந்து மரத்தோடு மட்டமாகியிருந்தன. இரண்டு அலகு. கடையில் கயிறு அறுக்கவும் பார்சல் பிரிக்கவும் அவர் வைத்திருந்தது.

"இத்த தொறந்து பாருங்க."

நகத்தை வைத்தேன். பெரிய அலகு வந்தது. முரண்டு பண்ணாமல், யாரோ கூடவே தள்ளிவிடுகிற மாதிரி வந்து நின்றது. மடக்கிவிட்டுச் சின்ன அலகைத் திறந்தேன். அதுவும் வந்தது. பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. வருடக்கணக்காகத் திறந்து மூடி இறுக்கம் மட்டும் தளர்ந்திருந்தது. புயலுக்குப் பின் என் வலது கை தானாகச் செய்த முதல் முழு வேலை அதுதான். நான் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் இரண்டு தடவை திறந்து மூடினேன். நிமிர்ந்தால் கண்ணைப் பார்த்துவிடுவார்கள்.

இதை விலைக்குத் தருவீர்களா என்று கேட்டேன். அது விற்கிற சாமான் இல்லை, பழசு என்றார். என் முகம் வாடியிருக்க வேண்டும். உடனே சொன்னார்:

"நீங்க வச்சுக்கோங்க. புதுசுல ஒண்ண நான் எடுத்துக்கறேன். எனக்குக் கை நல்லாதான இருக்குது, நாலு வருசம் தொறந்து மூடனா அதுவும் இது மாரி ஆயிடும்."

புதுக்கத்தியின் விலையை நான் கொடுப்பது என்று முடிவாயிற்று. அதற்குமேல் ஒரு பைசா வாங்கமாட்டேன் என்றுவிட்டார். ஆனால் ஒன்று கேட்டார். இத்தனை கத்தி பார்க்கிறீர்களே, எனக்கு நல்லதாக நீங்களே ஒன்று பொறுக்கிக்கொடுங்கள்.

என் வாழ்க்கையில் அவ்வளவு அக்கறையாக நான் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. என்னால் திறக்க முடியாது. அதனால் என் மனைவி ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள், நான் பார்த்தேன், கேட்டேன். இரண்டு அலகும் மடங்கியிருக்கும்போது ஒன்றையொன்று உரசக் கூடாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அலகுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே வெள்ளைக்கோடு தெரியக் கூடாது. பாதி திறக்கும்போது ஒரு தயக்கம் இருக்க வேண்டும், முழுக்கத் திறந்ததும் 'டக்'கென்று ஒரு சத்தம் வர வேண்டும். பித்தளைப்பிடி பளபளப்பாக இருந்தது, ஆனால் சத்தம் மந்தம். பிளாஸ்டிக் பிடியை நான் கையிலேயே எடுக்கவில்லை. கொம்புப்பிடி ஒன்று எல்லாவற்றிலும் தேறியது, சின்ன அலகு மட்டும் லேசாக ஒருபக்கம் சாய்ந்திருந்தது. கடைசியில் ஒரு மரப்பிடிக் கத்தி. என் மனைவி அதைத் திறந்தபோது அவள் நகத்தின் ஓரம் ஒடிந்தது. "இதுதான்" என்றேன். அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே அதை வாங்கி, அங்கேயே ஒரு சணல் கயிற்றை இழுத்து அறுத்துப் பார்த்தார். ஒரே இழுப்பில் அறுந்தது. நல்லாயிருக்குங்க என்று கல்லாப்பெட்டிமேல் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை டிபன் நேரத்தில் நானே கத்தியைத் திறந்து கொய்யாவை நறுக்கினேன். கம்மாபுரத்துக்காரர் தன் பாதியை வாங்கிக்கொண்டு, வருதாண்ணே என்று கேட்டார். வருது என்றேன். அவ்வளவுதான் பேச்சு. என் பழைய கத்தியை அவருக்கே கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றார், அப்புறம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அவர் இரண்டு அலகையும் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினார். கேபிள் உரித்த அலகாலேயே மாங்காய் வெட்டுவார். நான் வேறுபக்கம் பார்த்துக்கொள்வேன். எனக்கு வெட்டித் தரும்போது மட்டும் என் கத்தியைக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

அந்த வருடக் கடைசிக்குள் கட்டைவிரலில் ஓரளவு பலம் வந்துவிட்டது. அவரிடமிருந்த பழைய கத்தியை ஒருநாள் வாங்கித் திறந்துகூடப் பார்த்தேன், வலியோடு திறந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடையில் போய்ப் புதிதாக ஒன்று வாங்கலாம் என்ற எண்ணமும் வரவில்லை. அதற்கு முன்னால் நான் வைத்திருந்த கத்திகளெல்லாம் நான் பார்த்துப் பிடித்து வாங்கியவை. இது அப்படியில்லை. தன் கைக்குப் பழகிய ஒன்றை இன்னொருவர் எடுத்துக்கொடுத்தது. எனக்கு ரொம்பப் பிடித்த கத்தி எது என்று யாராவது கேட்டால் பையிலிருந்து இதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பழைய கத்திதான்.

இரண்டு வருடம் கழித்துப் பண்ருட்டியில் ஒரு கல்யாணம். போகிற வழியில் கடையில் இறங்கினோம். குவார்ட்டர்ஸ் தோட்டத்து எலுமிச்சை ஒரு பை நிறைய எடுத்துப் போயிருந்தோம். கடையில் ஒரு இளம்பெண் இருந்தாள். அந்த அம்மா இல்லையா என்று கேட்டோம்.

"அத்த கொல்லைக்குப் போயிருக்காங்க. பலாக் கன்னு வச்சிக்கினு இருக்காங்க. நீங்க யாருங்க?"

நெய்வேலி, எலக்ட்ரீஷியன் என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

"கை ஒடிஞ்சவரா? நீங்க பொறுக்கிக் குடுத்த கத்திய இங்க யாரும் தொடக்கூடாதுங்க. கொல்லைக்குக்கூட அவங்கதான் எடுத்துக்கினு போவாங்க."

காத்திருக்கலாமா என்று என் மனைவியைக் கேட்டேன். முகூர்த்தம் ஏற்கெனவே முடிந்திருக்கும், பந்திக்காவது போய்ச் சேர வேண்டும் என்றாள். அந்தப் பெண் எலுமிச்சைகளைத் தராசுத் தட்டில் கொட்டிவைத்துக்கொண்டு, அத்தை வந்ததும் கொடுக்கிறேன் என்றாள். இரண்டு பழம் உருண்டு அருவாமனைகளுக்கு நடுவே ஓடின. நான் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.