நந்தியாவட்டைக்கு வைத்த எலி மருந்து

செம்பாக்கத்தில் எங்கள் மொட்டை மாடியில் நந்தியாவட்டைத் தொட்டி ஒன்று இருக்கிறது. போன மழைக்காலத்தில் இரண்டே நாளில் அதன் கிளைகள் பாதிக்குமேல் மொட்டையாகிவிட்டன. தரையெல்லாம் கறுப்பு உருண்டைகள். எலிப் புழுக்கைதான் என்று நானே முடிவுகட்டி, நீல நிற எலி மருந்து வில்லைகள் நான்கைத் தொட்டியைச் சுற்றி வைத்தேன். கீழ் வீட்டு ஜெனிபரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை துணி காயப்போட வந்த ஜெனிபர் அலறினாள். “அக்கா, பாப்பா கையில நீலமா என்னமோ இருக்கு!”

ஓடினேன். அவளுடைய இரண்டு வயது மகளின் கையில் முழு வில்லை ஒன்று இருந்தது. தரையில் முழுதாக இரண்டு. நான்காவதைக் காணவில்லை.

“நாலு வச்சேன் ஜெனி...” என்றேன். “எலி மருந்து. ஒண்ணக் காணோம்.”

அவள் குழந்தையின் வாயில் விரலை விட்டுத் துழாவினாள். “ஆட்டோ கூப்பிடுங்கக்கா!”

போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டே தொட்டியை இழுத்தேன். பின்னால் நான்காவது வில்லை, பல் படாமல் கிடந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது ஒரு கறுப்பு உருண்டை என் கைமேல் விழுந்தது. நிமிர்ந்தால், இலைக்கு அடியில் என் விரல் பருமனில் ஒரு பச்சைப் புழு, கண் போன்ற இரண்டு நீலப் புள்ளிகளோடு மென்றுகொண்டிருந்தது. இதைக் குச்சியால் எடுத்துப் போட்டிருக்கலாமே!

இப்போது இலை குறைந்தால் முதலில் குனிந்து அடிப்பக்கம் பார்க்கிறேன். எலி மருந்து வீட்டிலேயே கிடையாது. ஆனாலும் பாப்பா மாடியேறி வந்தால், என் கண் முதலில் அவள் கைக்குத்தான் போகிறது.