பிரியாணி பிரேயர்

குன்னூரில் செபம் கண்ணுக்குத் தெரிகிறது. நம்பாதவர்கள் பனிக்காலத்தில் ஒருமுறை வந்து, விடிகாலையில் எங்கள் ஹாஸ்டல் வாசலில் நின்று, வாய்விட்டு ஏதாவது சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் வெள்ளைப் புகையாக வெளியே வந்து, கொஞ்ச தூரம் மிதந்து, காணாமல் போகும். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது பெரிய அதிசயம். வந்த புதிதில் நான் செபம் சொன்னேனா, புகையை வேடிக்கை பார்த்தேனா என்று எனக்கே தெரியாது. இது எங்கேதான் போகிறது? எதிர்க் கட்டடத்தின் தகரக் கூரையைக்கூடத் தாண்டுவதாகத் தெரியவில்லையே! நம் ஊரில் இந்தச் சந்தேகமே வந்ததில்லை. அங்கே கடற்காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

ஊரில் என்னோடு பந்து விளையாடிய உங்களுக்குத் தெரியும், நமக்குச் செபம் என்றால் மனப்பாடம். எழுந்தால் ஒன்று, சாப்பிட்டால் ஒன்று, படுத்தால் ஒன்று. சொந்தமாக ஒரு வாக்கியம் சேர்த்து நான் ஆண்டவரிடம் பேசியதே இல்லை. மணலில் பந்து விளையாடப் போகுமுன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். பெரிய போட்டி என்றால் பங்குச் சாமியார் வந்து எங்கள் எல்லாருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். விளையாட்டு ஒதுக்கீட்டில், பெண்கள் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பராக, இங்கே கல்லூரியில் இடம் கிடைத்தபோது அம்மா கம்பளிக்கும் ஸ்வெட்டருக்கும் கவலைப்பட்டாள். செபத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கவலைப்பட்டிருக்க வேண்டும் என்று முதல் போட்டியன்றே தெரிந்தது. ஜெயித்தால் பிரியாணி என்று பி.டி. சார் சொல்லியிருந்தார். எங்கள் கேப்டன் சுகன்யா, கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மலையேறித் தேயிலை ஃபேக்டரி வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். கோல் கம்பத்துக்குச் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க கீப்பரு, எங்க சாமிகிட்டச் சொல்லியாச்சு. உங்க சாமிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. சத்தமாச் சொல்லுங்க, எல்லாருக்கும் கேக்கோணும்."

அணியில் மற்றவர்கள் பார்த்திருந்த கிறிஸ்தவர்கள், வீட்டுக் கூட்டங்களில் கண்ணை மூடியதும் சொந்த வார்த்தையில் செபத்தை மழை மாதிரிப் பொழிகிறவர்கள். எல்லாக் கிறிஸ்தவர்களும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள். மொத்த அணியும் தலை குனிந்து நிற்கிறது, எனக்கோ ஒன்றும் ஓடவில்லை. நாக்கு தனக்கு நன்றாகப் பழகியதை எடுத்து விட்டது. முன்னால் இருக்கும் உணவுக்கு நன்றி சொல்லி, சமைத்த கைகளையும் ஆசீர்வதிக்கக் கேட்டு, ஆமென் போட்டபிறகுதான் தெரிந்தது, சாப்பாட்டுச் செபத்தைச் சொல்லி முடித்திருக்கிறேன் என்று.

சுகன்யா வாயைப் பிளந்து நின்றாள். "ஏனுங்க, ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கல. அதுக்குள்ள பிரியாணிக்கு நன்றி சொல்லிப்போட்டீங்க! அவ்வளவு நம்பிக்கைங்களா?"

தலையை ஆட்டி வைத்தேன். வேறென்ன செய்ய? ஜெயித்தும் தொலைத்தோம். அன்றைக்கு அதற்குப் 'பிரியாணி பிரேயர்' என்று பெயர் விழுந்தது. அதன்பிறகு அதைச் சொல்லாமல் யாரும் மைதானத்தில் கால் வைக்கமாட்டார்கள். கொஞ்ச நாளில் சுகன்யாவின் பேச்சில் 'நீங்க' போய் 'ஏம்புள்ள' வந்தது.

எனக்குத்தான் குடைச்சல். அவர்கள் என்னிடம் பார்க்கிற நம்பிக்கை என்னிடம் இருக்கிறதா? எதிர் அணிக் கீப்பரும் சிலுவை போட்டுக்கொண்டு நிற்கிறாள், ஆண்டவர் யார் பக்கம் திரும்புவார்? கிடைக்காததற்கு முன்கூட்டியே நன்றி சொல்வது விசுவாசமா, துணிச்சலா? அம்மாவிடம் போனில் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏட்டி, சோத்துச் செபத்தையா சொன்ன? சொல்லிட்டுப் போ. ஆண்டவருக்குப் பசி தெரியாதா?"

இறுதிப் போட்டி ஊட்டியில், கூடலூர்ப் பக்கத்து அணியோடு. சுகன்யாவுக்கு அடுத்த வாரம் மாநில அணித் தேர்வு. மூன்று வருடமாக அதற்காகவே ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாதியில் மூடுபனி இறங்கியது. கோல் கம்பத்தில் நிற்கும் எனக்கு நடுமைதானம் தெரியவில்லை, ஆட்களின் சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஓர் அலறல், நீண்ட விசில். ஓடிப்போய்ப் பார்த்தேன். சுகன்யா காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். என்னைக் கண்டதும் என் கையுறையை இறுகப் பற்றினாள்.

"பிரேயர் பண்ணு புள்ள."

பழக்கத்தில் வாய் ஆரம்பித்துவிட்டது.

"அது வேண்டாம் புள்ள," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "எனக்குன்னு ஒண்ணு சொல்லு."

எந்த மனப்பாடத்திலும் சுகன்யா இல்லை. பயமாக இருந்தது, அழுகை வந்தது. என்ன வந்ததோ அதைச் சொன்னேன். "ஆண்டவரே, இவ சுகன்யா. எங்க கேப்டன். இவ காலுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாது. வேற என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியல. நீரு கொஞ்சம் கிட்ட வந்து நில்லும்." சுற்றி நின்றவர்கள் 'ஆமென்' என்றார்கள், எதிர் அணிக் கீப்பரும்தான். எல்லார் வாய்ப்புகையும் பனியோடு கலந்தது. என்னுடையது எது என்று தெரியவில்லை.

ஆட்டத்தில் தோற்றோம். எலும்பில் கீறல், மாவுக்கட்டு. இந்த வருடத் தேர்வு போயிற்று. நான் கேட்டதில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று இன்னமும் யோசிக்கிறேன். ஆனால் கேட்கும்போது ஆள் எதிரில் இருப்பதுபோலத்தான் கேட்டேன். அதற்குமுன் அப்படிக் கேட்டதில்லை. மறுநாள் பி.டி. சார் ஆஸ்பத்திரிக்கே பிரியாணி வாங்கி வந்தார். தோற்றவர்களுக்கும் பசிக்கும் இல்லையா! சுகன்யா கட்டுப்போட்ட காலை நீட்டியபடி பொட்டலத்தைப் பிரித்தாள், சாப்பிடவில்லை. "சொல்லு புள்ள. இப்பத்தான் அதுக்குச் சரியான நேரம்."

அது சாப்பாட்டுச் செபம்தான் என்று அவளுக்கு எப்போதிலிருந்து தெரியுமோ! சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது கவனித்திருப்பீர்கள். மணலில் ஆட்டம் தொடங்கவேண்டும், பங்குச் சாமியாரைக் காணவில்லை. நானே கண்ணை மூடிச் சத்தமாகச் செபம் சொன்னேன், உங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, கடைசியில் உங்களுக்குத் தெரியாத சுகன்யாவையும் சேர்த்து. "இது என்னட்டி புதுப் பழக்கம்?" என்று சிரித்தீர்கள். நானோ கண்ணைத் திறந்து, என் வாய்க்கு முன்னால் புகையைத் தேடிக்கொண்டிருந்தேன். வெயில்தான் இருந்தது.