கலங்கல் நீரை மறித்த சுவர்

கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை காலை. தாம்பரத்தில் வாலாஜாபாத் பேருந்து ஏறினேன். சேரப்பணஞ்சேரி இருபது கிலோமீட்டர்தான். கன்டெய்னர் லாரிகளின் பின்னால் ஊர்ந்துபோய்ச் சேர ஒன்றரை மணி நேரமானது. தோழி தேவகி குடையோடு நின்றிருந்தாள். அவளுக்குக் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்த வேலை, அன்று லீவு.

"ஏரி ரொம்பி கலங்கல்ல வழியுதுக்கா. அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறோம்" என்றாள்.

அவள் ஊர் அங்கிருந்து உள்ளே. ஏரி செம்மண் கரைந்து காவியாகக் கிடந்தது. வேலியெங்கும் செங்காந்தள், அடி மஞ்சளும் நுனி சிவப்புமாக. ஈரப் புல்லில் மழைக்கு வெளிவரும் சிவப்புப் பட்டுப்பூச்சிகள் குங்குமம் சிந்தியதுபோல ஊர்ந்தன. கரையம்மனுக்கு மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டி, மிச்ச நீர் வழியும் கலங்கலில் பெண்கள் பூவை விட்டார்கள். மழைக்கு இப்படித்தான் நன்றி சொல்வார்களாம்.

அப்போது தேவகியின் அண்ணி ஓடிவந்தாள். "வூட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சுடி!"

ஓடினோம். கலங்கல் நீர் போகும் கால்வாயின் குறுக்கே புதிதாக ஒரு மதில். நடுவில் ஒரே ஒரு குழாய், அதிலும் பிளாஸ்டிக் அடைத்திருந்தது. காவியாக வந்த நீர் அங்கே கறுத்து, எண்ணெய் மினுங்க, தெருவுக்குத் திரும்பியிருந்தது. தேவகியின் அடுப்பு மூழ்கிக் கிடந்தது. மதில் அவள் வேலை செய்யும் கம்பெனியுடையது. ஊரார் இரண்டு முறை மனு கொடுத்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

தேவகி கரைக்குத் திரும்பி ஓடினாள். பொங்கல் பானையைத் தூக்கிப்போய்க் கம்பெனி கேட்டின் நடுவில் வைத்தாள். மற்ற பெண்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நின்றன.

"சாமி கும்புடணும்னா கோயிலுக்குப் போங்கம்மா" என்றார் காவலாளி.

"சாமி போற வழியத்தான் நீங்க அடச்சுக்கினு கீறீங்க!" என்றாள் தேவகி.

உள்ளிருந்து வந்த அதிகாரி அவளை அடையாளம் கண்டுகொண்டார். "நீ நம்ம லைன்ல இருக்கிற பொண்ணுதானே? வேலை வேணுமா, வேணாமா?"

"மொதல்ல சுவத்த இடி. அப்பால வேலையப் பத்திப் பேசு."

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. உள்ளே போகவேண்டிய தொழிலாளர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, பெண்களின் பின்னால் வந்து நின்றார்கள். வேலை நின்றுபோகவே, மதியத்துக்குள் கம்பெனியே ஜேசிபியை வரவழைத்தது. மதில் சரிந்ததும் தண்ணீர் இரைந்துகொண்டு போனது. தெரு மெல்ல மெல்ல வெளியே தெரிந்தது.

சாயங்காலம் நாங்கள் வீட்டிலிருந்து சேறு வாரிக்கொண்டிருந்தபோது தேவகிக்கு போன் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரவேண்டாமாம்.

பேருந்துக்குக் காத்திருக்கையில் என் ஊரான குளித்தலையை நினைத்தேன். ஆடிப்பெருக்கில் புதுத்தண்ணீரை வரவேற்க ஊரே படித்துறைக்கு இறங்கும். அதற்காக யாரும் வேலையை இழந்து நான் பார்த்ததில்லை. அதைச் சொன்னேன்.

தேவகி முந்தானையைப் பிழிந்தாள். "திங்கக்கெழம போவேன்க்கா. எதுக்கு நிறுத்துனீங்கன்னு எழுதிக் குடுன்னு கேப்பேன். இன்னா எழுதுவான்? மழ பெஞ்சுதுன்னா?"