பதினேழாம் பக்கத்தில் ஒரு முத்திரை: மாலத்தீவுக்கு வேலைக்குப் போன கதை

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜூன் மாதம், மாலத்தீவில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலைக்குச் சேரக் கருமத்தம்பட்டியிலிருந்து கிளம்பினேன். அதற்கு முன் கோவையில் ஒரு கல்லூரி நூலகத்தில் ஏழு வருடம் தற்காலிகப் பணி. ராஜினாமா கொடுத்த மறுநாளே என் நாற்காலிக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். வெளிநாடு போக நினைக்கும் நூலகர்கள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். இதில் வழியைவிடப் பயம்தான் அதிகம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை 6.40 பஸ். கோவை 25 கிலோமீட்டர், டிக்கெட் நான்கு ரூபாய். திருவனந்தபுரம் வரை துணைக்கு என் கணவர். விமானத்தில் இருபது கிலோதான் என்பதால், பெட்டியிலிருந்து ஒரு பழைய அகராதியை அவர் வெளியே எடுத்து வைத்துவிட்டார். கல்லூரி நூலகத்தில் பழசென்று கழித்துப் போட்டதை, கூட வேலை பார்த்த சரோஜாக்கா ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று கொடுத்தது. கணவர் அசந்த நேரத்தில் அதைத் தோள்பையில் திணித்துக்கொண்டேன்.

நீலம்பூர் தாண்டியதும் சும்மா பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டினேன். பதினேழாம் பக்கத்தில், ஊதா மையில், கல்லூரி நூலகத்தின் வட்ட முத்திரை!

நூலகர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். புத்தகம் திருடுகிறவன் முதல் பக்கத்தைக் கிழித்துவிடுவான் என்பதால், உள்ளே ஏதாவது ஒரு பக்கத்திலும் முத்திரை குத்துவோம். ரகசியப் பக்கம் என்று பெயர். எங்கள் நூலகத்தில் அது பதினேழு. கடைசி நாள் என் மேசையில் அந்த வேலைதான் பாக்கி இருந்தது. குவியலில், நானே பழுப்பு அட்டை போட்டு வைத்திருந்த பாஸ்போர்ட்டும் கிடந்திருக்கிறது. ஏழு வருடப் பழக்கம், கை தானாகக் குத்தியிருக்கிறது.

பாஸ்போர்ட்டில் அதிகாரிகளைத் தவிர வேறு யாரும் எதுவும் குத்தக் கூடாது. கோவையில் அப்போது பாஸ்போர்ட் அலுவலகம் கிடையாது, எதற்கும் திருச்சிக்குத்தான் ஓட வேண்டும். விமானமோ மறுநாள் காலை. "ஏனுங்க, பாஸ்போர்ட்டுல நானே சீல் குத்திப்போட்டனுங்க" என்றேன். ரப்பரால் அழித்துவிடலாமா என்றும் கேட்டேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். "அழிக்கறேன்னு கை வெச்சுறாத அம்மணி. அழிச்சாத்தான் தப்பு. கேட்டா உள்ளதச் சொல்லீரு."

ஒன்பதே முக்காலுக்கு ரயில். திருவனந்தபுரம் ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர், போய்ச் சேர இரவு ஏழு. வாளையாறும் பாலக்காடும் எப்படி இருந்தன என்று என்னைக் கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை. விடுதி அறை 120 ரூபாய், அதில் தூங்கியது அவர் மட்டும்தான்.

பயணி இல்லை என்று விமான நிலைய வாசலிலேயே கணவரை நிறுத்திவிட்டார்கள். குடியேற்ற மேசையில் இருந்தவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பதினேழில் நின்றார். இதை யார் குத்தியது என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"நான்தானுங்க."

நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். திங்கட்கிழமை பள்ளியில் சேராவிட்டால் அந்த வேலையும் இல்லை, விட்டுவந்ததும் இல்லை. மேலதிகாரி வந்தார். தோள்பையிலிருந்து அகராதியை எடுத்துப் பதினேழாம் பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தேன்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே வட்டம், ஓரத்தில் அதே உடைசல். முத்திரைக் கட்டை எப்போதோ கீழே விழுந்து உடைந்தது. பிறகு தன் முத்திரையைக் குத்திவிட்டு, "இனி இதுல சீல் ஞங்கள் குத்திக்கொள்ளாம்" என்றார், இனி முத்திரை குத்துவதை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். அழுதுவிட்டேன்.

போகப்போகிறவர்களுக்கு: பாஸ்போர்ட்டுக்கு அட்டை போடாதீர்கள், வேலை மேசைக்கே கொண்டுபோகாதீர்கள். நியமனக் கடிதம் கைப்பையில் இருக்கட்டும். மைப்பெட்டியும் பட்டியல் அட்டைகளும் இங்கிருந்தே வாங்கிக்கொள்ளுங்கள், நான் இருந்த தீவில் கிடைக்கவில்லை. தப்பு செய்துவிட்டால் அழிக்காதீர்கள். ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து போகும்போது அதே பதினேழாம் பக்கத்தோடுதான் அந்த மேசை முன் நின்றேன், ஆனால் யாரும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை.

தீவுக்குப் போன முதல் வாரம், புது நூலகத்துக்கு ரகசியப் பக்கம் எது என்று தலைமையாசிரியர் கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். என் பாஸ்போர்ட்டில் மொத்தமே முப்பத்தாறு பக்கம்தான்.