ஊற்றுக்குழிப் பாசி

எழுபதுகளின் கடைசியில் நான் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ஆபீஸில் பியூன். ஒரு மார்கழியில், சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து பேராசிரியர் ஒருவர் வலையும் புட்டிகளுமாக வந்து இறங்கினார். ஏரிக்கரைக்குக் கீழே, புங்கமர நிழலில் ஒரு ஊற்றுக்குழி உண்டு. கால் வைத்தால் விறைத்துப்போகும். அதில் கிடந்த பாசியைக் கொஞ்சம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, என்னையும் பார்க்கச் சொன்னார். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு பச்சையாக, இடுப்பு ஒடுங்கிய ஏதோ ஒன்று.

“குளிர்ந்த மலைச் சதுப்புல இருக்கிற பாசி இது. இங்க எப்படி வந்துதுன்னே தெரியலை. புட்டியில கொண்டுபோனா வழியிலேயே செத்தாலும் செத்துடும். அடுத்த வாரம் பெரிய கருவியோட வரேன். அதுவரைக்கும் குழியை யாரும் கலக்காம பாத்துக்குங்க.”

தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

பிரசிடென்டிடம் போய்ச் சொன்னேன். அபூர்வமாக ஒன்று இருக்கிறது என்பதுவரைதான் கேட்டார். மாலையே கூட்டம் போட்டுவிட்டார்.

“மெட்ராஸ்லேர்ந்து பெரிய மனுசன் வராரு. குழி இன்னா லட்சணத்துல கீது, பாசி புடிச்சிக்கினு! எல்லாத்தையும் வாரிப் போட்டு, பிளீச்சிங் பவுடர் தூவி, சுத்தி சுண்ணாம்பு அடிச்சிடணும்.”

அந்தப் பாசிதான் அபூர்வம் என்று சொல்ல எழுந்தேன். எல்லா முகமும் திரும்பியது.

“இன்னாபா?”

“சுண்ணாம்பு நானே வாங்கியாந்துடறேன்” என்றேன்.

பேராசிரியர் வந்த அன்று மேளம், மாலை. குழி கண்ணாடிபோல் பளபளத்தது.

“எப்பிடி சார் கீது?” என்றார் பிரசிடென்ட்.

பேராசிரியர் கையிலிருந்த புட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “ரொம்ப சுத்தம்” என்றார். அவரும் என்னைப் போலத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

எல்லோரும் கலர் குடிக்கப் போனதும், “வாரினதை எங்க கொட்டினீங்க?” என்று மெதுவாகக் கேட்டார். பிரசிடென்ட் வீட்டு எருக்குழிக்கு அழைத்துப்போனேன். பேண்ட்டை மடித்துக்கொண்டு மாலையோடு இறங்கிவிட்டார். பிரசிடென்டின் சம்சாரம் பின்வாசலில் வந்து நின்றார்.

“மாலை போட்ட மனுசன் குப்பையில இன்னா தேடிக்கினு கீறாரு?”

ஒரு வாரமாகத் திறக்காத என் வாய் திறந்தது. “மோதிரம் வுழுந்துட்ச்சி.”

தெருவே கூடையும் மண்வெட்டியுமாக இறங்கியது. “எத்தினி சவரன் சார்?” “கல்லு வெச்சதா?” கேட்டவர்களுக்கெல்லாம் அவர் தலையாட்டினார். எருக்குழி தலைகீழானது.

உத்திரமேரூர் பஸ் ஏறும்போது அவர் சட்டைப்பையில் ஒரே ஒரு புட்டி இருந்தது. அதன் அடியில் விரல் நுனியளவு கரும்பச்சை. அதில் அந்த அபூர்வப் பாசி இருந்ததா, உயிரோடு போய்ச் சேர்ந்ததா என்று எழுதிக் கேட்க நினைத்தேன். விலாசம் கொடுத்திருந்தார். மறுநாளே கார்டும் வாங்கினேன். டிரங்குப் பெட்டியில் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன.