மனைவி எனக்காகச் சொன்ன பொய்

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. சேத்தூரில் வசிக்கும் நான், ஓய்வு நேரத்தில் ஆம்ப்ளிஃபயர் செய்து பார்ப்பவன். சென்ற மாதம், ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்து முடித்த போர்டில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி நுனிகளைக் கட்டரால் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் கண்ணுக்கு மட்டும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். காபி கொண்டுவந்த மனைவி குனிந்து பார்த்த நேரம், ஒரு துண்டு தெறித்து அவள் கண்ணில் விழுந்தது.

“ஏட்டி, நான் வேலை பாக்கும்போது எதுக்கு வந்து எட்டிப் பாக்குற?” என்று அவளைத்தான் திட்டினேன்.

ராஜபாளையத்தில் கண் டாக்டர் விசாரித்தபோது, “வீடு கூட்டும்போது தூசி விழுந்துட்டு டாக்டர்” என்றாள் அவள். என் மானத்தைக் காக்கத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் நின்றேன். டாக்டர் கண்ணைக் கழுவிவிட்டு, சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

பைக்கில் ஏறும்போதும் அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. “உறுத்தல் நிக்கலயேங்க” என்றாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. திரும்ப உள்ளே அழைத்துப் போய், “தூசி இல்ல டாக்டர். நான் வெட்டுன கம்பி தெறிச்சுட்டு” என்றேன்.

அவர் மேல் இமையைத் திருப்பி, முடி போன்ற ஒரு துண்டை எடுத்தார். “கசக்கியிருந்தா கண்ணே போயிருக்கும். மொதல்லயே சொல்றதுக்கு என்ன சார்?” என்றார்.

கண் ஆறிவிட்டது. மன்னிப்புக் கேட்டால், “அத விடுங்க” என்கிறாள். இப்போதெல்லாம் கம்பி நுனியை விரலால் பிடித்துக்கொண்டுதான் நறுக்குகிறேன். மேஜையில் இன்னொரு கண்ணாடியும் வைத்திருக்கிறேன். அவள் அறைக்குள் வந்தால், கட்டரைக் கீழே வைத்த பிறகுதான் பேசுகிறேன்.